துடைப்பம் யார் கையில்?

தெலுங்கும் தமிழும் கலந்து புழங்கும் சத்தியவேடு வட்டாரத்தில், முன்பு சித்தூர் மாவட்டத்தில் இருந்து 2022 முதல் திருப்பதி மாவட்டத்தில் அடங்கும் மண்ணில், ஸ்ரீசிட்டி என்ற தொழில் நகரம் இருக்கிறது. 2016-இல் ஜப்பானிய நிறுவனமான இசுசு அங்கே வாகன ஆலை திறந்தது. அதே ஆண்டு, பத்தாண்டுகளில் 30,000 இந்தியர்களுக்கு ஜப்பானிய முறையில் ஆலைப் பயிற்சி தருவதென்று இந்தியாவும் ஜப்பானும் உடன்பட்டன. அந்த முறையின் அரிச்சுவடி ‘ஃபைவ் எஸ்’. வேண்டாததைக் கழி, வேண்டியதை அதனதன் இடத்தில் வை, பெருக்கித் துடை, அந்த நிலை குலையாமல் பார்த்துக்கொள். ஐந்தாவது ‘ஷிட்சுகே’: யாரும் சொல்லாமலே இவற்றைச் செய்யும் பழக்கம். முதல் நான்கும் கைக்கு இடும் வேலை. ஐந்தாவது மனத்தைக் கேட்கிறது. சம்பளத்துக்கு வந்தவரின் மனத்தைப் பழக்க ஒரு கம்பெனிக்கு என்ன உரிமை? அப்படி வரும் ஒழுங்கு அறமா, வெறும் கீழ்ப்படிதலா?

ஜப்பானில் பள்ளிப் பிள்ளைகள் தங்கள் வகுப்பறையைத் தாங்களே பெருக்குகிறார்கள். அங்கே ஆலை புதிதாக எதையும் கற்பிப்பதில்லை. வளர்ந்த பழக்கத்தைத் தொடர்கிறது. நம் ஊரிலோ துடைப்பத்துக்குச் சாதி உண்டு. பாட்டி கட்டாயத்தால் பிடித்த துடைப்பத்தை விட்டு விலகத்தான் ஒரு பையன் ஐ.டி.ஐ. படித்தான்; பக்கத்தில் நிற்கும் இன்னொருவன் வீட்டில் அதைத் தொட்டதே இல்லை. இருவர் கையிலும் ஒரே துடைப்பத்தைக் கொடுத்தால், முதலாமவனுக்கு அது பழைய அவமானம், மற்றவனுக்குப் புதிய அவமானம். இதை அறியாமல் ‘இவர்களுக்கு ஒழுங்கு போதாது’ என்று முடிவுகட்டும் பயிற்சியாளர், ஆளையே தவறாகப் படிக்கிறார். ஆலைத் தலைவரும் ஷிஃப்ட் சூப்பர்வைசரும் முதலில் பெருக்கினால்தான் அந்த வேலையிலிருந்து சாதி உதிரும். ஒப்பந்தத் தொழிலாளியிடம் மட்டும் அது தள்ளப்பட்டால், ஐந்தாவது எஸ் சுவரில் ஒட்டிய தாளோடு நின்றுவிடும்.

லாபத்துக்காகக் கற்பிப்பது எப்படி அறமாகும், பலன் கருதாத கர்மத்தையல்லவா கீதை சொல்கிறது என்று கேட்கலாம். கற்பிப்பவரின் நோக்கம் வேறு, கற்றதன் மதிப்பு வேறு. மதிப்பெண்ணுக்காகப் படித்தவனுக்கும் எழுத்தறிவு நிலைக்கிறது. ஆனாலும் கேள்வியில் பாதி நியாயம் உண்டு. 2007 முதல் சொந்தப் பயிற்சி நிலையம் நடத்திவந்த, பெங்களூரை அடுத்த பிடதி டொயோட்டா ஆலையில், 2020 நவம்பரில் ஒரு பணியிடைநீக்கத்தை எதிர்த்து எழுந்த போராட்டம் மாதக்கணக்கில் நீண்டது. வேலைப்பளுவும் அதில் ஒரு குறை. ‘முடியாது’ என்ற சொல்லைக் காதில் வாங்காத இடத்தில் எந்தப் பயிற்சியும் மனத்துக்குள் இறங்காது.

மனத்தைப் பழக்கும் உரிமை, சுமையில் பங்கெடுப்பவருக்கே உண்டு என்பது என் துணிபு. திருப்பதி இதை வெகுகாலமாக அறியும். இராமானுசருக்கு இராமாயணப் பொருள் சொன்ன திருமலை நம்பி, பெருமாளுக்குத் தாமே நீர் சுமந்தவர். குளிர் மிகுந்த அந்த மலையில் பூத்தொண்டு செய்ய யார் போவீர்கள் என்று இராமானுசர் திருவரங்கத்தில் கேட்டபோது எழுந்த அனந்தாழ்வான், கற்றறிந்தவர்; கர்ப்பிணி மனைவி மண் சுமக்க, நந்தவனத்துக்குத் தாமே ஏரி வெட்டினார் என்கிறது வைணவ மரபு. தெய்வத்துக்குச் செய்வதும் கம்பெனிக்குச் செய்வதும் ஒன்றல்ல; அதை நான் மறுக்கவில்லை. தொண்டைக் கற்பித்தவர்களின் தோளிலும் சுமை இருந்தது என்பதைத்தான் சொல்கிறேன். அனந்தாழ்வான் பிடித்ததாகச் சொல்லப்படும் கடப்பாரை, திருமலைக் கோயிலின் மகாத்துவாரத்தில் இன்றும் தொங்குகிறது.