தீர்ப்பு நாற்காலி யாருடைய அமானிதம்?

 

சேர்வராயன் மலையிலுள்ள ஏற்காட்டின் பெயரைச் சொன்னால் நம் வீடுகளில் காப்பித் தோட்டமும், ஆரஞ்சும், படகுத்துறை ஏரியும்தான் நினைவுக்கு வரும். ஆனால் நம் நாட்டு ஜனநாயக வரலாற்றிலும் அந்த மலைக்கு ஓர் இடம் உண்டு. 2013ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் தேதி ஏற்காடு சட்டமன்றத் தொகுதியில் ஓர் இடைத்தேர்தல் நடந்தது. மலைவாழ் மக்களுக்கென ஒதுக்கப்பட்ட தனித்தொகுதி அது. சட்டமன்ற உறுப்பினர் பெருமாள் மறைந்ததால் வந்த தேர்தலில் அவருடைய துணைவியார் சரோஜா போட்டியிட்டு, 78 ஆயிரத்துக்கும் அதிகமான ஓட்டு வித்தியாசத்தில் வென்றார். நாம் இங்கே பேச வந்தது அந்த வெற்றியைப் பற்றியன்று. அன்று ஓட்டு இயந்திரத்தில் கடைசியாக இருந்த ஒரு பொத்தானைப் பற்றியே பேசுகிறோம். 'மேற்கண்ட எவருக்கும் இல்லை' என்னும் அந்தப் பொத்தான், அதாவது 'நோட்டா', தமிழகத்தில் முதன்முதலாக வைக்கப்பட்டது ஏற்காட்டில்தான். நாலாயிரத்துக்கும் மேற்பட்டோர் அதை அழுத்தினார்கள்.

இந்தப் பொத்தானைக் கொடுத்தது யார்? நாடாளுமன்றம் இதற்கெனச் சட்டம் இயற்றவில்லை. 2004ஆம் ஆண்டில் மக்கள் சிவில் உரிமைக் கழகம் தொடர்ந்த வழக்கில், 2013 செப்டம்பர் 27ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டின் மூன்று நீதிபதிகள் அளித்த தீர்ப்பு இது. அந்த அமர்வுக்குத் தலைமை வகித்தவர் நம் ஈரோடு மாவட்டத்தைச் சேர்ந்த தலைமை நீதிபதி பி. சதாசிவம் அவர்கள். அதற்கு முன்னும் யாருக்கும் ஓட்டுப் போட விருப்பமில்லை என்று சொல்ல '49 ஓ' என்ற விதி இருந்தது. ஆனால் அப்படிச் சொல்கிறவர் வாக்குச்சாவடி அதிகாரியிடம் சொல்லிப் பதிவேட்டில் எழுதவைத்துக் கையெழுத்திட வேண்டும். அறையில் இருக்கும் அத்தனை பேருக்கும் அவர் யாரென்று தெரிந்துவிடும். இரகசிய ஓட்டு என்பது ஒருவரைத் தேர்ந்தெடுப்பவருக்கு மட்டுமல்ல, எவரையும் ஏற்காதவருக்கும் உரியது என்று கோர்ட் தீர்ப்பளித்தது. தோட்டத்தில் கூலிக்குச் செல்லும் ஏழைக்கு, முதலாளியோ ஊர்ப் பெரியவரோ அறியாமல் தன் மனத்தைச் சொல்லும் வழி அன்று கிடைத்தது.

இங்கேதான் ஒரு கேள்வி எழுகிறது. மக்களுக்கு இந்த உரிமையைக் கொடுத்த அந்த நீதிபதிகளை எந்த மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தார்கள்? ஒருவருமில்லை! அப்படியிருக்க, கோடிக்கணக்கானோர் தேர்ந்தெடுத்த அரசாங்கத்துக்கு உத்தரவிடும் அதிகாரம் அவர்களுக்கு எங்கிருந்து வந்தது? இதைக் கேட்பவரை நாம் குறை கூற முடியாது. நம் மார்க்கம் இக்கேள்வியை எப்படிப் பார்க்கிறது என்பதைச் சற்றுச் சிந்திப்போம்.

அதிகாரம் என்பது அமானிதம்

திருக்குர்ஆனின் நான்காவது அத்தியாயம் 58ஆவது வசனத்தில், அமானிதங்களை உரியவர்களிடம் ஒப்படைக்கும்படியும், மனிதர்களிடையே தீர்ப்புச் செய்தால் நீதியோடு தீர்ப்புச் செய்யும்படியும் அல்லாஹு தஆலா ஒருசேரக் கட்டளையிடுகிறான். இவ்விரண்டும் ஒரே வசனத்தில் அமைந்திருப்பதைக் கவனியுங்கள். தீர்ப்பளிக்கும் பதவியும் ஓர் அமானிதம்தான். அமானிதம் என்றால் அது வைத்திருப்பவனுடைய சொத்தல்ல. ஒருநாள் கணக்குக் கேட்கப்படும்.

அதே வசனம் தீர்ப்பைப் பற்றிப் பேசும்போது 'முஸ்லிம்களிடையே' என்று சொல்லவில்லை, 'மனிதர்களிடையே' என்றே சொல்கிறது. முஃமின்களின் காரியங்கள் தங்களுக்குள் கலந்தாலோசித்து நடப்பவை என்று நாற்பத்திரண்டாவது அத்தியாயம் 38ஆவது வசனம் கூறுகிறது. இதையே 'ஷூரா' என்கிறோம். ஆட்சிக்கு மக்களின் இசைவு வேண்டும் என்பதற்கும், அந்த ஆட்சியும் நீதிக்குக் கட்டுப்பட்டதே என்பதற்கும் இவ்விரு வசனங்களும் நமக்கு ஆதாரமாக நிற்கின்றன.

ஹஜ்ரத் அபூபக்கர் (ரலி) அவர்கள் மக்களின் பைஅத் பெற்றுக் கலீஃபாவானார்கள். தம் முதல் உரையிலேயே, தாம் நேர்மையாக நடந்தால் துணை நிற்கும்படியும், தவறினால் திருத்தும்படியும் மக்களைக் கேட்டுக் கொண்டார்கள். பெரும்பான்மையின் இசைவு கிடைத்துவிட்டது, இனி நான் செய்வதெல்லாம் சரி என்று அவர்கள் எண்ணவில்லை.

கலீஃபாவும் வழக்காளியும்

ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள் கலீஃபாவாக இருந்த காலத்தில் அவர்களுக்கும் ஹஜ்ரத் உபை இப்னு கஅப் (ரலி) அவர்களுக்கும் இடையே ஒரு வழக்கு ஏற்பட்டது. இருவரும் ஹஜ்ரத் ஸைது இப்னு ஸாபித் (ரலி) அவர்களிடம் தீர்ப்புக்குச் சென்றார்கள். அமீருல் முஃமினீனைக் கண்டதும் ஸைது அவர்கள் மரியாதையாகத் தம் பக்கத்தில் இடம் ஒதுக்கினார்கள். இதுவே நீர் செய்த முதல் அநீதி என்று கண்டித்துவிட்டு, உமர் அவர்கள் எதிர்வழக்காளியின் அருகிலேயே அமர்ந்தார்கள். வழக்கில் கலீஃபா சத்தியம் செய்ய வேண்டிய கட்டம் வந்தது. சத்தியத்திலிருந்து அவர்களை விட்டுவிடக் கூடாதா என்று ஸைது அவர்கள் உபை அவர்களிடம் கேட்டார்கள். அந்தச் சலுகையையும் ஏற்காமல் உமர் அவர்கள் சத்தியம் செய்தார்கள். உமரும் ஒரு சாதாரண முஸ்லிமும் ஒன்றாகத் தோன்றும்வரை ஸைது தீர்ப்பு வழங்கத் தகுதி பெறமாட்டார் என்ற கருத்தையும் வெளியிட்டார்கள் என வரலாற்றாசிரியர்கள் எழுதியுள்ளனர்.

பெருமக்களே! ஸைது அவர்களை மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கவில்லை. பைஅத் பெற்றவர் எதிரே நின்ற கலீஃபாதான். ஆனாலும் அந்தச் சபையில் கலீஃபா ஒரு வழக்காளியே. நீதிபதியின் அதிகாரம் அவர் பெற்ற ஓட்டுகளிலிருந்து வருவதன்று. மக்கள் ஏற்றுக்கொண்ட முறைப்படி அவர் நியமிக்கப்பட்டிருக்க வேண்டும். தமக்கு மேலே ஒரு சட்டம் இருப்பதை அவர் ஒப்புக்கொள்ள வேண்டும். இரு தரப்பையும் சமமாகக் கேட்க வேண்டும். தீர்ப்புக்குக் காரணம் சொல்ல வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் அந்த நாற்காலியின் மதிப்புக் குறைந்துவிடுகிறது.

நாற்காலியை மறுத்த இமாமும், தனித்து நின்ற நீதிபதியும்

ஆட்சியாளரின் கைப்பாவையாக ஒரு நீதிபதி ஆகிவிட்டால் என்ன செய்வது? நம் இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களைக் கலீஃபா மன்ஸூர் காஜியாக இருக்கும்படி வற்புறுத்தினார். தாம் அதற்குத் தகுதியற்றவர் என்றார்கள் இமாமவர்கள். நீர் பொய் சொல்கிறீர் என்றார் கலீஃபா. பொய்யனைக் காஜியாக்குவது எப்படித் தகும் என்று திருப்பிக் கேட்டார்கள் இமாமவர்கள். அதற்காகச் சிறையும் கண்டு, ஹிஜ்ரி 150இல் பக்தாதில் மறைந்தார்கள். ஆனால் அவர்களுடைய மாணவர் இமாம் அபூயூஸுஃப் (ரஹ்) அவர்கள் பிற்காலத்தில் ஹாரூன் ரஷீதின் ஆட்சியில் தலைமைக் காஜியாகப் பணியாற்றினார்கள். ஆக, பதவி பாவமன்று. சுதந்திரம் இல்லாத பதவிதான் பயப்பட வேண்டியது.

நம் நாட்டிலும் இதற்கு உதாரணம் உண்டு. 1975இல் அவசரநிலை பிரகடனம் செய்யப்பட்டு ஆயிரக்கணக்கானோர் விசாரணையின்றிச் சிறையில் அடைக்கப்பட்டனர். அவர்கள் விடுதலை கேட்டுக் கோர்ட்டுக்கு வரலாமா என்ற கேள்விக்கு, ஹைகோர்ட்டுகள் பல வரலாம் என்றன. 1976 ஏப்ரல் 28ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டின் ஐந்து நீதிபதிகளில் நால்வர் வர முடியாது என்று தீர்ப்பளித்தனர். நீதிபதி எச்.ஆர். கன்னா ஒருவர் மட்டுமே மறுத்து எழுதினார். 1977 ஜனவரியில் அவரைத் தாண்டி, அவருக்கு இளையவர் தலைமை நீதிபதியாக்கப்பட்டார். கன்னா ராஜிநாமா செய்தார். ஆனால் 2017ஆம் ஆண்டு அந்தரங்க உரிமை வழக்கில் சுப்ரீம் கோர்ட்டே அந்தப் பழைய தீர்ப்பு தவறென்று ஒதுக்கிவிட்டது. நால்வர் தீர்ப்பு வீழ்ந்தது, ஒருவர் சொன்னது நிலைத்தது.

இதனால் நீதிபதிகள் கேள்விக்கு அப்பாற்பட்டவர்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. நீதிபதிகளை நியமிப்பதில் 1993ஆம் ஆண்டுத் தீர்ப்பு முதல் மூத்த நீதிபதிகளின் 'கொலீஜியம்' கையே ஓங்கி நிற்கிறது. இதை மாற்றி, சட்ட அமைச்சரும் இரு பிரமுகர்களும் சேர்ந்த ஓர் ஆணையத்தை அமைக்க 2014இல் நாடாளுமன்றம் அரசியல் சட்டத்தைத் திருத்தியது. 2015 அக்டோபர் 16ஆம் தேதி சுப்ரீம் கோர்ட் நாலுக்கு ஒன்று என்ற கணக்கில் அதைத் தள்ளுபடி செய்தது. அரசியல்வாதியின் கை உள்ளே நுழைந்தால் நீதி வளையும் என்பது ஒரு கட்சி. நீதிபதிகளே நீதிபதிகளை மூடிய அறையில் தேர்ந்தெடுத்தால் மக்களுக்குக் கணக்குச் சொல்வது யார் என்பது மறு கட்சி. இரண்டிலும் நியாயம் இருக்கிறது. நோட்டா தீர்ப்பளித்த தலைமை நீதிபதியே ஓய்வுக்குப் பின் 2014இல் கேரள ஆளுநரானபோது, அது முறைதானா என்று நாட்டில் பேச்செழுந்தது. இப்படிக் கேட்பது அவமதிப்பன்று. அமானிதத்துக்குக் கணக்குக் கேட்பது அமானிதத்தின் இலக்கணமே ஆகும்.

மலையடிவாரத்தின் முப்பத்தொரு ஆண்டுகள்

சேர்வராயன் மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினரின் இனத்தார், பக்கத்துத் தர்மபுரி மாவட்டத்து வாச்சாத்தியிலும் வாழ்கிறார்கள். 1992 ஜூன் 20ஆம் தேதி சந்தனக்கட்டை தேடுவதாகச் சொல்லி வனத்துறையினரும், போலீஸாரும், வருவாய்த் துறையினரும் அந்த ஊருக்குள் புகுந்தனர். மக்களை அடித்தனர். வீடுகளைச் சூறையாடினர். பதினெட்டுப் பெண்களின் மானம் பறிக்கப்பட்டது. குற்றம் செய்தவர்கள் யாரோ கொள்ளையர் அல்லர், மக்களின் பெயரால் அதிகாரம் பெற்ற அரசு ஊழியர்கள்!

269 பேர் மீது வழக்கு நடந்தது. 2011 செப்டம்பர் 29ஆம் தேதி தர்மபுரி செஷன்ஸ் கோர்ட், உயிரோடிருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. அவர்கள் அப்பீல் செய்தார்கள். ஹைகோர்ட் நீதிபதி பி. வேல்முருகன் அவர்கள் தீர்ப்புக்கு முன் அந்த ஊருக்கே நேரில் சென்று பார்த்தார். 2023 செப்டம்பர் 29ஆம் தேதி அப்பீல்களைத் தள்ளுபடி செய்து, பாதிக்கப்பட்ட பெண்கள் ஒவ்வொருவருக்கும் 10 லட்சம் ரூபாய் வழங்க உத்தரவிட்டார். முப்பத்தொரு ஆண்டுகள் கழித்து வந்த நீதியைத் தாமதமில்லாத நீதி என்று எவரும் சொல்ல மாட்டார். ஆனாலும் ஓர் ஏழைப் பழங்குடிப் பெண்ணின் சொல் 215 அரசு ஊழியர்களின் சொல்லைவிடக் கனமாகத் தராசில் நின்றது.

மக்ஸூம் குலத்துப் பெண்ணொருத்தி திருடியபோது, அவள் உயர்குலத்தவள் என்று சிபாரிசு வந்தது. முன்னிருந்த சமூகத்தார் அழிந்ததன் காரணம், பெரியவன் திருடினால் விட்டுவிட்டு எளியவன் திருடினால் தண்டித்ததுதான் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள். தம் அருமை மகளாயினும் சட்டம் ஒன்றே என்று உறுதி கூறினார்கள். இந்த ஹதீஸ் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. ஒரு நாட்டு நீதியின் தகுதியை எடைபோட இதைவிடச் சிறந்த தராசு ஏது?

நம் மஹல்லாவும் நம் வீடும்

கோர்ட்டைப் பற்றிப் பேசிவிட்டு நம் ஜமாஅத்தைப் பற்றிப் பேசாமல் போனால் அது நியாயமாகாது. நம் நாட்டுக் காஜிகள் சட்டம் 1880ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அச்சட்டத்தின்படி நியமிக்கப்படும் காஜிக்கு நீதிபதியின் அதிகாரம் கிடையாது. ஃபத்வா என்பது கருத்தே தவிர யாரையும் கட்டுப்படுத்தும் உத்தரவன்று என்று 2014இல் சுப்ரீம் கோர்ட்டும் தெளிவுபடுத்தியது. அப்படியானால் ஜமாஅத்தின் பஞ்சாயத்துக்கு என்னதான் வலிமை? மக்கள் அதன்மீது வைக்கும் நம்பிக்கை ஒன்றே அதன் வலிமை. தலாக் வழக்கில் கணவன் தரப்பை மட்டும் கேட்டுக் கடிதம் கொடுத்தால், வக்பு கணக்கைக் கேட்டவரைக் கலகக்காரர் என்று ஒதுக்கினால், சந்தா பாக்கியுள்ள ஏழையின் வீட்டுத் திருமணத்துக்குத் தடை போட்டால், அந்த நம்பிக்கை தேய்ந்துவிடும். ஒரு தரப்பைக் கேட்டதுபோல் மறு தரப்பையும் கேட்கும்வரை தீர்ப்பளிக்க வேண்டாமென ஹஜ்ரத் அலீ (ரலி) அவர்களுக்கு நபியவர்கள் போதித்தது, முத்தவல்லிமார்களுக்கும் போதனைதான். பெண்ணின் முறையீட்டை அவளுடைய வாயிலிருந்தே கேட்க ஒவ்வொரு ஜமாஅத்தும் ஏற்பாடு செய்ய வேண்டும்.

வழக்காடுவோருக்கும் ஒரு சொல். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தாமும் ஒரு மனிதரே என்றும், வாதத்தில் வல்லவனுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்துவிடக் கூடும் என்றும், அப்படித் தன் சகோதரனின் உரிமையைப் பெற்றவன் நெருப்புத் துண்டையே பெறுகிறான் என்றும் எச்சரித்தார்கள். கோர்ட்டில் ஜெயித்துவிட்டதால் ஹராம் ஹலாலாகிவிடாது! அண்ணன் தம்பிச் சொத்திலும், சகோதரியின் பாகப்பிரிவினையிலும் வக்கீலின் திறமையால் வென்றவர்கள் இதை இரவில் தனித்திருந்து யோசிக்கட்டும்.

ஓட்டுரிமை உள்ளவர்களும் அதைச் சிறிதாக எண்ணக் கூடாது. ஓட்டு ஒருவகைச் சாட்சியம் என்று உலமாக்கள் பலர் கூறியுள்ளனர். தகுதியுள்ளவர் நிற்கும்போது சோம்பலால் வீட்டில் இருப்பதும், பணத்துக்காகத் தகுதியற்றவருக்குப் போடுவதும் சாட்சியத்தைக் கெடுப்பதாகும். நோட்டாவுக்கு எத்தனை ஓட்டு விழுந்தாலும், அதிக ஓட்டுப் பெற்ற வேட்பாளரே வென்றவராவார். ஆகவே, ஏற்காட்டு மலைமகன் அழுத்திய அந்தப் பொத்தான் மனசாட்சிக்கு ஒரு வழிதானே தவிர, கடமையிலிருந்து தப்பும் வழியன்று.

தாய்மார்களே! நீதியின் முதல் பள்ளிக்கூடம் உங்கள் வீடு. நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அவர்களின் தந்தை ஒரு பிள்ளைக்கு மட்டும் அன்பளிப்புக் கொடுத்து அதற்குச் சாட்சியாக இருக்கும்படி நபியவர்களை வேண்டியபோது, பிள்ளைகளிடையே நீதமாக நடக்கும்படி கூறி அவர்கள் மறுத்துவிட்டார்கள். இரு பிள்ளைகள் சண்டையிட்டு வந்தால் இருவரையும் கேட்டபின் தீர்ப்புச் சொல்லுங்கள். கோபத்தோடு சொல்லாதீர்கள். கோபத்தில் தீர்ப்பளிப்பதை மார்க்கம் காஜிக்கே தடுத்திருக்கிறது. அந்த வீட்டில் வளரும் பிள்ளை நாளை நீதிபதியாகலாம், போலீஸ்காரராகலாம், முத்தவல்லியாகலாம். அவர் கையில் அதிகாரம் அமானிதமாக இருக்கும்.

நீதிபதிகள் மூவகையினர், இருவர் நரகிலும் ஒருவர் சுவர்க்கத்திலும் இருப்பர் என்ற நபிமொழியை எண்ணிப் பார்ப்போம். சத்தியத்தை அறிந்து அதன்படி தீர்ப்பளித்தவரே அந்த ஒருவர். நம்மில் ஒவ்வொருவரும் ஏதோ ஒரு சபையில், ஏதோ ஒரு நாள் நீதிபதியே.

யா அல்லாஹ்! எங்கள் நாட்டு நீதிபதிகளுக்கு அஞ்சாத நெஞ்சையும், ஆள்வோருக்குக் கணக்குச் சொல்லும் பணிவையும், எளியவர்களுக்குத் தாமதமில்லாத நீதியையும் தந்தருள்வாயாக! எங்கள் வீடுகளிலும் மஹல்லாக்களிலும் நீதியை நிலைநாட்ட எங்களுக்குத் தௌஃபீக் செய்வாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.