சாமிக்கு உறுதி உண்டா?

பதுளையிலிருந்து ஹாலி-எலப் பக்கமோ பசறைப் பக்கமோ பஸ்ஸில் போகிறவர் கண்ணில் இப்போது தேயிலைக்கு முன்னால் படுவது காணி விற்கும் பலகைதான். எட்டுப் பேர்ச், பத்துப் பேர்ச் என்று துண்டு போட்டிருப்பார்கள். தெளிவான உறுதி, கரண்ட், தண்ணீர், வேன் போகும் பாதை. வந்து பார்க்கிறவர்களில் தோட்டத்துப் பிள்ளைகளும் உண்டு. கொழும்புக் கடையில் பத்து வருடம் நின்றவர், குவைத்தில் வீட்டு வேலை செய்து திரும்பியவர், ஆசிரியர் நியமனம் கிடைத்தவர். நில அளவைப் படத்தை விரித்துப் பார்க்க வேண்டும், நொத்தாரிசிடம் போக வேண்டும். மலைச்சரிவு என்பதால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவுச் சான்றும் வேண்டும். இவ்வளவும் கைக்கு வந்தபிறகுதான் ஐயரிடம் நாள் கேட்கப் போவார்கள்.

பூமி பூஜையில் ஐயர் சங்கற்பம் சொல்லத் தொடங்குகிற இடத்தில் ஒரு தடங்கல் வரும். பேர் கேட்பார், நட்சத்திரம் கேட்பார், கோத்திரம் கேட்பார். கணவனும் மனைவியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். "சிவ கோத்திரம்னு வச்சுக்குவோம்" என்று ஐயரே முடித்துவைப்பார். அடுத்து ஊர். அதற்கு எதைச் சொல்வது? பாட்டன் கப்பலேறிய புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்தையா, பிறந்த தோட்டத்தையா, முந்தாநாள் எழுதி முடித்த இந்தப் பத்துப் பேர்ச்சையா?

சடங்கின் அர்த்தத்தைக் கேட்டால் குழப்பம் கூடும். பூமி தேவியிடம் அனுமதி கேட்பதுதான் இந்தப் பூஜை. தோண்டப் போகிறோம், உயிர்கள் நோகும், பொறுத்துக்கொள் என்று வேண்டிக்கொள்வது. நிலம் அவளுடையது, மனிதன் இருந்துவிட்டுப் போகிறவன். அப்படியென்றால் நொத்தாரிசு எழுதிக் கொடுத்தது என்ன? பரம்பரையாகக் காணி உள்ளவனுக்கு இந்தக் கேள்வி எழுவதே இல்லை. தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயத்திலிருந்து வந்தவனுக்கு எழும்.

லயத்தை நேரில் பார்த்தால் காரணம் புரியும். பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஒரு காம்பரா, முன்னால் ஓர் இஸ்தோப்பு, சுவரில் சாமிப் படத்துக்கு ஒரு பலகை. அடுப்புப் புகையில் முருகன் முகம் கறுத்திருக்கும். இரட்டை லயமென்றால் காம்பராக்கள் முதுகோடு முதுகு ஒட்டியிருக்கும். ஒரு வரிசை கிழக்குப் பார்த்தால் மறு வரிசை மேற்குப் பார்க்கும். வாஸ்து அங்கே வாய் திறக்க முடியாது. பால் காய்ச்சிக் குடிபுகுந்த வீடுமல்ல அது, துரை ஒதுக்கிக் கொடுத்தது. குடும்பத்தில் ஒருவராவது தோட்டத்தில் பேர் பதிந்து வேலைக்குப் போகும்வரைதான் அந்தக் கூரை நிச்சயம்.

1948இல் தோட்டத்து மக்களின் குடியுரிமை போனது. 1972இலும் 1975இலும் தோட்டங்கள் அரசுக்குப் போயின. 1992இல் நிர்வாகம் கம்பனிகளிடம் போனது. நிலம் இத்தனை கை மாறியும், அதைத் தேயிலையாக்கிய கைகளுக்கு ஒருமுறைகூட வரவில்லை.

நிலையாமையை இவர்களிடம் உபதேசிக்கிறவர்களைப் பார்த்தால் கொஞ்சம் கோபம்கூட வருகிறது. வள்ளுவர் உடம்பையே உயிர் ஒண்டியிருக்கும் இடமாகத்தான் பார்க்கிறார். பதுளை முதியங்கணை விகாரையில் பண உபதேசம் கேட்டாலும் அனிச்சம், எதுவும் நிலையில்லை என்றுதான் சொல்வார்கள். இரண்டும் பெரிய உண்மைகள். ஆனால் துறக்க ஒரு வீடு வைத்திருந்த சித்தார்த்தனுக்குத்தான் துறவு துறவாயிற்று. பற்றை விடு என்று ஒருவனிடம் சொல்லுமுன் அவன் கையில் பற்றுச்சீட்டாவது இருக்கிறதா என்று பார்க்க வேண்டாமா?

உறுதி இல்லாத மண்ணில் இந்த மக்கள் சும்மா இருந்துவிடவுமில்லை. மண்ணைத் தங்கள் வழியில் சொந்தமாக்கிக்கொண்டார்கள். ஆலைச் சக்கரத்துக்கு ரோதைமுனி. தேயிலையை வெட்டும் கவ்வாத்துக்கு முன் கும்பிடக் கவ்வாத்துச்சாமி. மாசியில் காமன் கூத்து. தோட்டத்துக்கொரு மாரியம்மன். வீட்டுக்கு வாஸ்து புருஷன் இல்லாத இடத்தில் வேலைக்கு ஒரு தெய்வம் இருந்தது. செத்தவர்களையும் அதே மலையில்தான் புதைத்தார்கள். இது ஏழையின் ஆறுதல் என்று சிலர் சொல்வது தவறு. யாரும் எழுதித் தராததைக் கும்பிட்டுக் கும்பிட்டே எழுதிக்கொண்ட உரிமை அது.

அந்த உரிமைக்கு மண் கட்டுப்படாது என்பதையும் ஊவா கண்டிருக்கிறது. 2014 அக்டோபர் 29ஆம் திகதி காலை, கொஸ்லந்தைக்குப் பக்கத்து மீரியபெத்தையில் மலை இறங்கி லயங்களை மூடியது. தோட்டக் கோயிலும் உள்ளே போனது. அந்த இடம் ஆபத்தானது என்று முன்பே எச்சரித்திருந்தார்கள். போகச் சொன்னார்கள், எங்கே என்று சொல்லவில்லை. தப்பியவர்களுக்கு இரண்டு வருடம் கழித்து மாக்கல்தெனியவில் தனி வீடுகள் வந்தன. பூமித்தாய் கோபித்துக்கொண்டாள் என்று அன்று பேசியவர்கள் உண்டு. அது அவள்மேல் வீண்பழி. சரிவில் லயத்தை வைத்ததும், எச்சரித்தபின்னும் மக்களை அங்கேயே விட்டதும் மனிதர் செய்த காரியம். அனுமதி கேட்காமல் தோண்டியவன் ஒருவன், மண்ணுக்குள் போனவன் இன்னொருவன்.

தோட்டங்களில் இந்திய உதவியில் முதலில் கட்டிய வீடுகள் 550 சதுர அடி, ஏழு பேர்ச் காணியில். 2017 மே மாதம் நோர்வூட்டுக்கு வந்த இந்தியப் பிரதமர் மோடி மேலும் 10,000 வீடுகள் அறிவித்தார். வருகிற வீடு சின்னதென்று குறை சொல்லலாம். ஆனாலும் பத்துக்குப் பன்னிரண்டில் பிறந்த பெண்ணொருத்தி தன் பேரில் வந்த வீட்டில் பால் பொங்குவதைப் பார்க்கும்போது அதை வெறும் ஆசை என்று எந்தத் தத்துவம் சொல்லும்? பால் வழிந்து அடுப்பை நனைக்கும்வரை அவள் கை நெருப்பைக் குறைக்காது.

சாமியின் கணக்கையும் பார்த்துவிடலாம். பதுளை நகரின் நடுவில் கதிர்காம தேவாலயம் இருக்கிறது. கண்டி அரசு காலத்திலிருந்து இத்தகைய தேவாலயங்களுக்கு மானிய நிலங்கள் உண்டு. அவற்றைப் பார்த்துக்கொள்ள பஸ்நாயக்க நிலமே என்ற பதவி, 1931ஆம் ஆண்டின் சட்டம், எல்லாம் உண்டு. இந்தியாவில் கோயில் தெய்வத்தைச் சட்டப்படி ஓர் ஆளாகவே ஏற்றுக்கொள்கிறார்கள். சாமி பேரில் காணி இருக்கும், வழக்கும் நடக்கும். பதுளைத் தேவாலயத்திலிருந்து நாலு மைல் மேலே ஏறினால் தோட்டத்து முருகன். நகரத்தில் உள்ள அதே கந்தன், அதே வேல். ஆனால் அவன் கோயில் நிற்பது பெரும்பாலும் கம்பனியின் குத்தகைக் காணியில். பக்தனைப் போலவே அவனும் இருக்கச் சொன்ன இடத்தில்தான் இருக்கிறான்.

பத்துப் பேர்ச் வாங்கி டவுனுக்கு வந்தவர்கள் இந்தச் சாமியைக் கூட்டிக்கொண்டு வர முடிவதில்லை. படம் வரும், மாரியம்மன் வரமாட்டாள். அதனால் திருவிழாவுக்கு அவர்கள்தான் போகிறார்கள். கொழும்பு பஸ்கள் நிரம்பி வரும். வேனைப் பிரட்டுக்களத்தில் நிறுத்திவிட்டு, வேறு யாரோ இருக்கும் பழைய காம்பரா வாசலில் நிற்பார்கள். தேர் ஒவ்வொரு லயமாக வரும். அர்ச்சனைத் தட்டை நீட்டும்போது பூசாரி கேட்பார், எந்த வீடு என்று. "மேல் லயம், நாலாம் காம்பரா" என்றுதான் வாயில் வரும்.