எது தைரியம்?

ரொம்ப நாளா மனசுல ஓடுற ஒரு கேள்வி.

2019 ஜூன் 13. அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்து இறுதிச்சுற்று, ஆறாவது ஆட்டம். கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் வீரர் க்ளே தாம்சன் பந்தோடு எகிறி, கீழே விழுந்தார். இடது முழங்கால் ஜவ்வு கிழிஞ்சிடுச்சு. உள்ளே போனவர் திரும்பி வந்து, தனக்குக் கிடைத்த இரண்டு ஃப்ரீ த்ரோவையும் போட்டுட்டுத்தான் வெளியேறினார். அந்த வீடியோவை இன்னைக்கும் "இதுதான்டா வீரம்"னு பகிர்றாங்க.

வீரம்தான், மறுக்கலை. ஆனா உடம்பு சூடா இருக்கு, அரங்கமே பார்க்குது. அந்த நிமிஷம் ஆளைத் தூக்கிக்கொண்டு போயிடும்.

அதுக்கப்புறம் நடந்ததைப் பாருங்க. ஒரு வருஷத்துக்கு மேல பயிற்சி செய்து, களமிறங்கப் போற நேரம். 2020 நவம்பரில் வலது குதிகால் தசைநார் அறுந்தது. இந்தத் தடவை அடுத்த கால்! பழையபடி முதல்லேர்ந்து. நடக்கணும், குதிகாலைத் தூக்கி இறக்கணும், அப்புறம்தான் ஓட்டம், அப்புறம்தான் குதிக்கிறது. நேத்து செஞ்சதையே இன்னைக்கும் செய்யணும். கைதட்ட ஆள் கிடையாது. "இன்னைக்கு ஒரு நாள் விட்டா என்ன?"னு மனசு கேட்கும், அதுக்கு அவர்தான் பதில் சொல்லணும். என் கணக்குல பெரிய தைரியம் இங்கதான் இருக்கு.

மொத்தம் 941 நாள். 2022 ஜனவரி 9 அன்று திரும்பி வந்தார். 20 நிமிஷம், 17 புள்ளி. அந்த ஜூனில் வாரியர்ஸ் கோப்பையும் ஜெயிச்சது.

ஒருவேளை ஜெயிக்காம போயிருந்தா, அந்த 941 நாளும் வீண்னு சொல்லிடுவோமா? என்னால சொல்ல முடியலை.