சொன்ன மூச்சிலேயே சாட்சி

ராக்கிமின் பெயரோடு அல்லாஹ் என்ற சொல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஹிப் ஹாப்பில் ஆகப் பெரிய ராப்பர் யார் என்று கேட்டால் நான் அவரைத்தான் சொல்வேன். ராக்கிம் அல்லாஹ் என்று முழுதாகச் சொல்ல மட்டும் வாய் வராது. காயல்பட்டினத்தில் பிறந்து, லெப்பையிடம் குர்ஆன் ஓதப் பழகி, இப்போது நியூயார்க்கின் லாங் ஐலண்டில் பிழைக்கிறவன் நான். இறைவனுக்கு இணைவைப்பதைவிடப் பெரிய பாவம் இல்லை என்பதை விவரம் தெரியாத வயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவன். மனிதனையே இறைவன் என்று சொல்லும் கூட்டத்தைச் சேர்ந்த ஒருவரை எந்த முகத்தோடு உயர்த்திப் பேசுகிறாய் என்று, பள்ளியில் என்னோடு தொழும் நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. ஒரு பாட்டுக்காரனைப் பெரியவன் ஆக்குவது எது என்று தெளிவாகச் சொல்லாமல் அவருக்குப் பதில் சொல்ல முடியாது.

ராக்கிமின் பிறவிப் பெயர் வில்லியம் மைக்கேல் கிரிஃபின். 1968 ஜனவரியில் பிறந்தார். வளர்ந்த ஊர் வயண்டாஞ்ச். லாங் ஐலண்டில் கறுப்பின உழைப்பாளிக் குடும்பங்கள் நிறைந்த ஊர் அது. ஊர் நடுவே போகும் பெரிய சாலைக்கு ஸ்ட்ரெய்ட் பாத், அதாவது நேர்வழி, என்று பெயர். ஒவ்வொரு தொழுகையிலும் நேர்வழி கேட்கிறவனால் அந்தப் பலகையைச் சும்மா கடந்துபோக முடியாது. புகழ்பெற்ற பாடகி ரூத் பிரவுன் ராக்கிமுக்கு நெருங்கிய உறவு. பையன் சாக்ஸபோன் வாசித்தான். ஜான் கோல்ட்ரேனின் வாசிப்பில் ஊறினான். பதினாறு வயதுவாக்கில் நேஷன் ஆஃப் காட்ஸ் அண்ட் எர்த்ஸ் என்ற இயக்கத்தில் சேர்ந்து பெயரை மாற்றிக்கொண்டார்.

அந்த இயக்கத்தாரை ஃபைவ் பெர்சென்ட்டர்ஸ் என்பார்கள். மால்கம் எக்ஸ் போதித்த ஹார்லெம் பள்ளிவாசலிலிருந்து வெளியேறிய கிளாரன்ஸ் 13எக்ஸ் என்பவர் 1964இல் தொடங்கியது. அவர்கள் பார்வையில் மக்களில் 85 விழுக்காட்டினர் உண்மை அறியாதவர்கள். 10 விழுக்காட்டினர் அறிந்தும் மறைத்து அவர்களை ஆள்கிறவர்கள். மிஞ்சிய 5 விழுக்காட்டினரே அறிந்ததைக் கற்றுக்கொடுக்கும் ஏழை ஆசான்கள். அவர்கள் கற்றுக்கொடுப்பது என்ன? கண்ணுக்குத் தெரியாத கடவுள் எங்கும் இல்லை, கறுப்பு மனிதனே கடவுள் என்பது. அவர்களிடம் ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு பொருள் உண்டு. ஒன்று அறிவு, இரண்டு ஞானம், மூன்று புரிதல், ஏழு கடவுள், சுழி முழுவட்டம். கிடங்கில் என்னோடு வேலை பார்த்த பெரியவர் ஒருவர் இந்த வழியில் வந்தவர். காலையில் வந்ததும் தேதியைப் பார்த்து அன்றைய எண்ணுக்கு விளக்கம் சொல்லிவிட்டுத்தான் வேலையைத் தொடுவார். பன்றி இறைச்சியைத் தொடமாட்டார். பொய் சொல்லி நான் பார்த்ததில்லை. எங்கள் இருவருக்கும் மார்க்கத்தில் ஒரு புள்ளிகூட ஒத்துவராது; ராக்கிம் என்றால் மட்டும் இருவரும் ஒரே கட்சி.

திருக்குர்ஆனின் 26ஆம் சூராவுக்குக் கவிஞர்கள் என்றே பெயர். அதன் கடைசி நான்கு வசனங்கள் கவிஞர்களைப் பற்றிப் பேசுகின்றன. வழிகெட்டவர்களே அவர்களைப் பின்பற்றுகிறார்கள், கவிஞர்கள் பள்ளத்தாக்குதோறும் அலைகிறார்கள், தாங்கள் செய்யாததைச் சொல்கிறார்கள் என்று கண்டிக்கும் இறைவசனம், நம்பிக்கை கொண்டு நற்செயல் செய்கிறவர்களுக்கு விலக்கும் தருகிறது. பெரிய ராப்பர் யார் என்ற கேள்விக்கு இதைவிடக் கூரான உரைகல் எனக்குக் கிடைத்ததில்லை. ராப்பின் பெரும்பகுதி தற்புகழ்ச்சி. என்னிடம் இவ்வளவு பணம், நான் இத்தனை பேரைச் சாய்த்தேன், இந்தத் தெருவே என் கையில் என்பதுதான் பேச்சு. அதில் எவ்வளவு செய்தது, எவ்வளவு செய்யாதது? போதைச் சந்தையின் அரசனாகப் பாடிக்கொண்டிருந்த ரிக் ராஸ் ஒரு காலத்தில் சிறைக் காவலராக வேலை பார்த்தவர் என்பது 2008இல் வெளியே வந்தது. முதலில் மறுத்தார், பிறகு ஒப்புக்கொண்டார். ஆல்பங்கள் அதற்குப் பிறகும் விற்றன.

பணத்தைப் பற்றிய பெருமைக்கு வங்கிக் கணக்கு சாட்சி. துப்பாக்கியைப் பற்றிய பெருமைக்குப் போலீஸ் பதிவேடு சாட்சி. இந்தச் சாட்சிகள் எல்லாம் பாட்டுக்கு வெளியே கிடக்கின்றன. கேட்கிறவன் நம்பலாம், நம்பாமலும் போகலாம். ஒரே ஒரு பெருமைதான் பாட்டுக்குள்ளேயே தன் சாட்சியைச் சுமந்து வருகிறது. என்னைப் போல் சொல்லடுக்க ஆளில்லை என்று ஒருவன் சொல்லடுக்கியே சொன்னால், அந்த வரி முடிவதற்குள் அவன் சொன்னது மெய்யா பொய்யா என்று தெரிந்துபோகும். சொல்வதும் செய்வதும் அங்கே இரண்டல்ல. ராக்கிமின் பெருமை கிட்டத்தட்ட முழுவதும் இந்த வகைதான். மைக், தாள், பேனா, எதுகை, கேட்கிறவர்களின் மனம், இவைதான் அவருடைய பாடுபொருள். முதல் ஆல்பமான ‘பெய்ட் இன் ஃபுல்’ 1987 ஜூலையில் வந்தது. அதன் அட்டையில் அவரும் டிஜே எரிக் பி.யும் ஹார்லெமின் தையல்காரர் டாப்பர் டான் தைத்த ஜாக்கெட்டும் தடித்த தங்கச் சங்கிலியுமாக நிற்கிறார்கள், பின்னணியில் பண நோட்டு. உள்ளே தலைப்புப் பாட்டைக் கேட்டால், கையில் காசில்லாத ஒருவன் நேர்மையாக எப்படிச் சம்பாதிப்பது என்று யோசித்துக்கொண்டிருக்கிறான்.

சொல்வதையும் செய்வதையும் அவர் ஒன்றாக்கிய விதத்தைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும். 1986இல் குவீன்ஸ்பிரிட்ஜில் இசைத் தயாரிப்பாளர் மார்லி மார்லின் வீட்டு ஸ்டூடியோவில் முதல் பாட்டைப் பதிவு செய்தபோது ராக்கிமுக்குப் பதினெட்டு வயது. அன்றைக்கு ராப் என்றால் தொண்டை கிழியக் கத்துவது. ரன்-டிஎம்சியும் எல்எல் கூல் ஜேயும் அப்படித்தான் கூட்டத்தைக் கட்டிப்போட்டார்கள். இந்தப் பையனோ பக்கத்தில் இருப்பவரிடம் பேசுவதுபோலத் தாழ்ந்த குரலில் சொன்னான். மார்லி மார்லுக்கும் அங்கிருந்த ராப்பர் எம்.சி. ஷானுக்கும் வேகம் போதவில்லை என்று பட்டது. ராக்கிம் மாற்றிக்கொள்ளவில்லை. குரலை உயர்த்தாததற்கு நியாயம் இருந்தது. அதுவரை எதுகை பெரும்பாலும் வரியின் கடைசியில் வந்து விழும், இரண்டிரண்டு வரியாக. அவர் வரியின் நடுவிலும் எதுகையை வைத்தார், ஒரு வாக்கியத்தை வரியின் எல்லையைத் தாண்டி அடுத்த வரியின் பாதிவரை இழுத்துக்கொண்டு போனார், மூச்சை எதிர்பாராத இடத்தில் விட்டார். கத்தினால் இந்த நுணுக்கமெல்லாம் இரைச்சலில் போய்விடும்.

எழுதும் முறையையும் அவரே விளக்கியிருக்கிறார். தாளில் முதலில் பதினாறு புள்ளி வைப்பார், ஒரு பத்தியின் பதினாறு வரிக்குப் பதினாறு. ஒவ்வொரு புள்ளிக்கும் எத்தனை அசை கொள்ளும், எங்கே நிரப்பலாம், எங்கே விட்டுவிடலாம் என்று கணக்குப் பார்த்துச் சொற்களை இறக்குவார். (பதினாறைக் கூட்டினால் ஏழு, அதாவது கடவுள் என்று கிடங்குப் பெரியவர் சொல்வார். அவருக்கு அது கணக்கு, எனக்குத் தற்செயல்.) இறைவேதத்தோடு எந்த மனிதன் பாட்டையும் நான் ஒப்பிடமாட்டேன். ஆனால் ஓதும் பிள்ளைக்குக் கற்றுக்கொடுக்கும் மூச்சுக் கட்டுப்பாடு எனக்குத் தெரியும். எங்கள் லெப்பை நீட்டி ஓத வேண்டிய இடத்தில் விரலை ஒவ்வொன்றாக மடக்குவார். இரண்டு அளவா, நான்கா, ஆறா என்பது அந்த மடங்கும் விரலில் இருக்கும். ஒரு விரல் கூடினாலும் குறைந்தாலும் திரும்ப முதலிலிருந்து. நிறுத்தக்கூடாத இடத்தில் மூச்சு தீர்ந்தால் பொருளே மாறிவிடும் என்பார். அளவு தவறாத நாக்கு பயத்திலிருந்துதான் வருகிறது, ஒவ்வொரு எழுத்துக்கும் கேள்வி உண்டு என்கிற பயம். ராக்கிமைக் கேட்கும்போது அந்தப் பொறுப்பு எனக்குக் கேட்கிறது.

தற்புகழ்ச்சி என்றாலே முகம் சுளிக்கும் தமிழ் நண்பர்களுக்கு நன்னூலை நினைவூட்டுவேன். எத்தனை துறை கற்றுத் தேறினாலும் தன்னைத் தான் புகழ்வது தகாது என்று சொன்ன பவணந்தி முனிவர், உடனே நான்கு இடங்களில் புலவனுக்கு அனுமதியும் தருகிறார். அரசவைக்கு ஓலை விடுக்கும்போது, தன் ஆற்றல் அறியாதவர்களிடையே, அவையில் வாதிட்டு வெல்லும்போது, எதிரி தன்னைப் பழித்தபோது. ஹிப் ஹாப் பிறந்து வளர்ந்த இடமே இந்த நான்கில் மூன்று. 1973 ஆகஸ்ட் 11 அன்று பிராங்க்ஸில் 1520, செட்ஜ்விக் அவென்யூவில் டிஜே கூல் ஹெர்க் நடத்திய விருந்தில் தொடங்கி, தெருமுனைச் சபைகளில், எதிராளியின் முகத்துக்கு நேரே வளர்ந்த கலை அது. அவையில் நிற்கிறவன் அடக்கம் பேசினால் அவை அவனைக் கேட்காது. ராக்கிம் தன் ‘மை மெலடி’ பாட்டில் எதிரிகளை ஏழு ஏழாக நிறுத்தி எண்ணுவார். யாரும் அதில் காயப்படவில்லை. தோற்றவன் வீட்டுக்குப் போய் இன்னும் நன்றாக எழுதினான்.

பாட்டுக்கு வெளியே சாட்சி தேடும் பழக்கம் எங்கே கொண்டுபோய் விட்டது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. ராப்பர் டூபாக் ஷக்கூர் லாஸ் வேகாஸில் சுடப்பட்டு 1996 செப்டம்பர் 13 அன்று இறந்தபோது வயது இருபத்தைந்து. ஆறு மாதத்துக்குள், 1997 மார்ச் 9 அன்று, லாஸ் ஏஞ்சலீஸில் இன்னொரு ராப்பரான பிகி கொல்லப்பட்டார், இருபத்து நான்கு வயதில். பாடியபடியே வாழ்ந்தார், பாடியபடியே செத்தார், அதனால் டூபாக்கே பெரியவர் என்று வாதிடுகிறவர்கள் இன்றும் உண்டு. டூபாக்கின் குரலில் இருந்த கருணையை, தாயைப் பற்றிய பாட்டை, நான் நேசிக்கிறேன். ஆனால் பிணம் விழுந்தால்தான் சொல் மெய் என்று ஏற்கும் சபையை நான் சபை என்று சொல்லமாட்டேன். ராக்கிம் இன்னும் உயிரோடு இருக்கிறார். அது அவர் சொல்லின் எடையைக் குறைப்பதாக நினைப்பது பாவம்.

அப்படியானால் வித்தை போதுமா? எமினெம் 2013இல் வெளியிட்ட ‘ராப் காட்’ பாட்டு ஆறு நிமிடம் நான்கு விநாடியில் 1,560 சொற்களோடு கின்னஸ் புத்தகத்தில் ஏறியது. தலைப்பிலேயே கடவுள், பெருமைக்குச் சாட்சியும் பாட்டுக்குள்ளேயே. என் உரைகல்லில் அவர் தேறுகிறார், மறுக்க முடியாது. ஆனாலும் நிரூபித்தது என்ன என்று கேட்கத் தோன்றுகிறது. இவ்வளவு வேகமாக என்னால் முடியும் என்பது நிரூபணம்தான். ராக்கிம் நிரூபித்தது வேறு. 1787இல் எழுதிய அமெரிக்க அரசியல் சாசனம், மக்கள்தொகைக் கணக்கில் அடிமையை ஐந்தில் மூன்று பங்கு ஆளாக எண்ணியது. உள்நாட்டுப் போர் முடிந்து, 1868இல் வந்த திருத்தத்தில்தான் அந்தக் கணக்கு போனது. எழுத்துக் கற்பதே பல மாநிலங்களில் அடிமைக்குக் குற்றமாக இருந்தது. அந்த மண்ணில் பிறந்த பதினெட்டு வயதுப் பையன், எனக்கு முழு மனம் உண்டு, அது உன் மனத்தைவிடக் கூரியது என்று குரலை உயர்த்தாமல் சொல்கிறான். சொல்லும் வரியின் கட்டுமானமே அந்த மனத்தைக் காட்டிவிடுகிறது. தற்புகழ்ச்சி அங்கே தன்னை மட்டும் புகழவில்லை. வரிக்குள் எதுகை நுழைந்த இடத்திலிருந்துதான் நாஸும் வூ-டாங் குழுவும் அதற்குப் பிறகு வந்த எல்லோரும் தொடங்கினார்கள்.

இனி அல்லாஹ் என்ற அந்தப் பெயர். நானே மெய்ப்பொருள் என்று சொன்ன மன்சூர் ஹல்லாஜ் 922இல் பாக்தாதில் கொல்லப்பட்டார். அவருக்காகப் பேசும் சூஃபிகள், அங்கே ஹல்லாஜே இல்லை, அவர் கரைந்துபோன இடத்தில் இறைவன் பேசினான் என்பார்கள். நம்மாழ்வாரின் திருவாய்மொழியில் ஒரு பெண் உலகைப் படைத்தவள் நானே என்று பேசத் தொடங்க, அவளுக்குள் திருமால் புகுந்துவிட்டானோ என்று தாய் திகைக்கிறாள். அங்கும் ‘நான்’ காலியாகிவிட்டது. ஃபைவ் பெர்சென்ட்டர்ஸ் சொல்வது இதற்கு நேர் எதிர். அவர்களுடைய ‘நான்’ கரையவில்லை. குனிய வைத்த முதுகை நிமிர்த்திக்கொண்டு எழுந்து நிற்கிறது. அந்தக் காயம் எனக்குப் புரிகிறது. அந்த மருந்தை நான் ஏற்கமாட்டேன். படைத்தவன் ஒருவன், படைக்கப்பட்டவர்கள் எல்லோரும் அவன் முன் சமம் என்பதே கறுத்த மனிதனுக்கும் எனக்கும் போதுமான மரியாதை என்று நம்புகிறேன். கிடங்குப் பெரியவரிடமும் இதையே சொன்னேன். நெடுநேரம் பேசினோம். இருவரும் மாறவில்லை.

ஆனால் சொல் ஓர் அமானிதம் என்று எனக்குக் கற்றுத்தந்தார்கள். நம்மிடம் ஒப்படைத்த பொருள். திருப்பிக் கொடுக்கும்போது குறையக்கூடாது. தன்னைக் கடவுள் என்று அழைத்துக்கொண்டவர் அந்த அமானிதத்தைப் பதினாறு புள்ளி வைத்துக் காத்தார். அடியார்கள் என்று சொல்லிக்கொள்ளும் நாம் மேடையிலும் பள்ளிவாசல் மிம்பரிலும் அதை எப்படிச் செலவழிக்கிறோம் என்பது எனக்கு வேதனை. ராக்கிமோ அதைப் பணத்துக்காக விட்டுக்கொடுக்கவில்லை. 2000வாக்கில் இசைத் தயாரிப்பாளர் டாக்டர் ட்ரேயின் நிறுவனத்தில் சேர்ந்தவர், பாட்டு எப்படி இருக்க வேண்டும் என்பதில் ஒத்துப்போகாமல், 2003இல் ஆல்பம் வராமலே விலகினார். பெரும் பணமும் பெரும் பெயரும் காத்திருந்த இடம் அது.

என் தீர்ப்பு இதுதான்: கொள்கையில் அவர் தவறு, கலையில் அவரே முதல். நம்பாதவர்கள் 1988இல் வந்த ‘ஃபாலோ த லீடர்’ பாட்டைக் காதில் மாட்டிக் கேளுங்கள். கையில் ஒரு தாளும் பென்சிலும் வைத்துக்கொண்டு, அவர் மூச்சு விடும் இடத்தில் மட்டும் ஒரு கோடு போடுங்கள்.