நிழலில் வாடும் கிளை

உபாசக உபாசிகைகளே,

பகவான் புத்தர் அரசமரத்தடியில் மெய்யறிவு பெற்றமையால் மர நிழலை நாம் போற்றுகிறோம். வழிப்போக்கனுக்கு அது தண்ணருள். ஆயினும் அம்மரத்தின் கீழ்க்கிளைக்கு அந்நிழல் யாது செய்கிறது என்பதை இன்று சிந்திப்போம்.

கேரளத்து நிலம்பூரில் 1840களில் நடப்பெற்ற தேக்கமரங்கள் சில இன்றும் நிற்கின்றன. அண்ணாந்து நோக்கின் நெடுந்தூரம் கிளையே இல்லை. உச்சியில் மட்டுமே தழை. இளமையில் அவற்றிற்கும் கீழ்க்கிளைகள் இருந்தன. நெருங்கி நின்ற மரங்கள் உயர உயர, மேற்கிளைகள் கூடிக் கதிரொளியை மறைத்தன. இலை ஒளியைக் கொண்டே உணவாக்குகிறது. கிளை உயிர்த்திருக்க நாள்தோறும் அவ்வுணவு செலவாகிறது. வரவு குன்றிச் செலவு மிகுந்தால், வேர் நீரளித்தும் கிளை மெலிகிறது. மேற்கிளைகள் தம் உணவை அடிமரத்துக்கும் வேருக்கும் அனுப்புமேயன்றி, வாடும் கிளையைப் பெரும்பாலும் ஊட்டி வளர்ப்பதில்லை. அது பட்டுப்போய், காற்றில் முறிந்து வீழ்கிறது. வெட்டவெளியில் தனித்து நிற்கும் மரமோ தாழ்ந்த கிளைகளையும் நெடுங்காலம் தாங்குகிறது.

காரணம் இருப்பின் காரியம் நிகழும், காரணம் நீங்கின் காரியமும் நீங்கும் என்னும் சார்பு நெறி இதில் விளங்கவில்லையா? கீழ்க்கிளை பட்டது பிறப்பின் இழிவாலன்று. மரம் ஒன்றே, சாறும் ஒன்றே, ஒளியின்மையே காரணம். நம் முன்னோரைத் தாழ்ந்த பிறப்பினர் என்றோர், நிழலைத் தாமே விரித்துவிட்டு வாட்டத்தைப் பழித்தனர்.

ஆயினும் பிறரைச் சுட்டுவதோடு நின்றுவிடலாகாது. 1956 அக்டோபர் 14இல் நாகபுரியில் டாக்டர் அம்பேத்கர் பௌத்தம் தழுவிப் பல இலட்சம் மக்களுக்கு ஒளிவழி திறந்தார். ஒருநாள் ஒளி இலைக்கு ஆயுள் முழுதும் போதுமா? கற்று உயர்ந்த நாமே இன்று மேற்கிளைகள். விகாரத்தில் முன்வரிசையில் அமரும் நாம், பின்னே நிற்கும் எழுத்தறியாத தாய்க்குப் பஞ்சசீலத்தின் பொருளை உரைத்தோமா? சேரிச் சிறுவர்க்கு மாலைப்பாடம் நடத்தினோமா? திரிசரணம் ஓதிய வாயால் உட்சாதி பார்த்துச் சம்பந்தம் பேசினால், அந்நிழல் நம்முடையதேயன்றோ!

மரக்கிளை தானே விலகி வழிவிடாது, மனிதர் விலகலாம். தேக்கங்காட்டில் இடைமரங்களைக் களைந்தால், ஒளிபட்ட அடிமரத்தில் உறங்கிய மொட்டுகள் துளிர்ப்பதுண்டு. முற்றும் உலர்ந்த கிளையோ மீள்வதில்லை. ஆதலின், பசுமை எஞ்சியிருக்கும்போதே ஒளி சேர்ப்போம். ஒவ்வொருவரும் வாரத்தில் ஒரு மாலையேனும் ஒருவருக்குத் தம்மத்தைக் கற்பிக்க இன்றே உறுதி பூணுவோமாக.

மும்மணிகளின் துணையால் யாவர்க்கும் நலம் பெருகுக!