மறந்த நோவு எவருடையது?

திருகோணமலை நகரிலிருந்து அநுராதபுர வீதி வழியே சிறிது தூரம் சென்றால், கன்னியா என்னும் இடத்திலே ஏழு சிறு வெந்நீர்க் கிணறுகள் உண்டு. இராவணன் தன் தாய்க்கு ஈமக்கடன் ஆற்றுதற்பொருட்டுத் தோற்றுவித்த நீர் அது என்பது நம்மவர் வழிவழியாகப் பேணிவரும் ஐதிகமாதலின், பெற்றோரை இழந்தவர்கள் அந்தியேட்டிக் கிரியையின் பொருட்டு அங்கே சென்று, அந்த இளஞ்சூட்டு நீரைத் தலையில் வார்த்துக்கொள்வது இப்பகுதியின் பழைய வழக்கம். துக்கமுடையவன் அந்தத் துக்கத்தை மறவாமலே தாங்குவதற்கு நீர் அங்கே துணையாகின்றது. மனத்தின் நோவுக்கு நம் முன்னோர் கண்ட இந்த வழி உடலின் நோவுக்கும் பொருந்துமா, அன்றி நோவை மறக்கச் செய்வதே மேலான கருணையா என்னும் வினா, வைத்தியசாலையின் ஒரு சிறு அறையிலே இன்று நம் எதிரில் வந்து நிற்கின்றது.

அவ்வறையிலே பெருங்குடலினுள் வளையும் குழாயொன்றைச் செலுத்தி ஆராய்வதை நம் மக்கள் ‘கமரா விட்டுப் பார்ப்பது’ என்பர். 1969இல் நியூயோர்க் நகரிலே வில்லியம் வுல்வ், ஹிரோமி ஷின்யா என்னும் இரு சத்திரசிகிச்சை வைத்தியர்கள், அக்குழாயின் வழியாகவே குடற்சுவரில் முளைக்கும் சிறு சதை வளர்ச்சிகளை வயிற்றைக் கீறாமல் அகற்றத் தொடங்கியதிலிருந்து, புற்றுநோயாக மாறக்கூடியதை அது மாறுமுன்பே களையும் பேறு மனிதனுக்குக் கிட்டியது. பல நாடுகளிலே மயக்க ஊசி போட்டே இதனைச் செய்கின்றனர். நோர்வே முதலிய சில நாடுகளிலோ விழித்திருக்கும் நிலையிலேயே செய்துகொள்வோர் மிகப் பலர். உறங்குவதா, விழித்திருப்பதா என்பது மேலோட்டமாக நோக்குவார்க்கு வசதியைப் பற்றிய கேள்வியாகத் தோன்றினும், வேரிலே அது ஆன்மாவைப் பற்றிய கேள்வியே ஆகும்.

அதன் காரணம் இது. இப்பரிசோதனைக்கு வழங்கும் மிடசோலம் போன்ற மருந்து பலரை முற்றாக உறங்கச் செய்வதில்லை. அவர்கள் முனகுவர், கேட்ட கேள்விக்கு விடையும் சொல்லுவர். எனினும் பின்னர் எழுந்து அமரும்போது, ஒன்றும் நேரவில்லை என்றே கூறுவர். அப்படியாயின் அந்த முனகல் எவருடையது? 1996இல் ரொறன்ரோ வைத்தியர் டொனால்ட் ரெடல்மயரும் உளவியலறிஞர் டானியல் கானமனும் வெளியிட்ட ஆய்வு இவ்வினாவை இன்னும் கூர்மையாக்கிற்று. பரிசோதனை நடக்கும்போதே நிமிடந்தோறும் நோவின் அளவைக் கேட்டுக் குறித்து, பின்னர் நினைவிலுள்ள நோவோடு ஒப்பிட்டபோது, நோவு எவ்வளவு நேரம் நீடித்தது என்பதை நினைவு ஏறக்குறையப் பொருட்படுத்தவேயில்லை என்பதும், நோவின் உச்சமும் இறுதி நிமிடங்களுமே நினைவிற் பதிந்தன என்பதும் தெரியவந்தன. 2003இல் வெளியான மற்றோர் ஆய்விலே, 682 பேருள் ஒரு பகுதியினர்க்கு, முடிவிலே குழாயின் நுனியை அசைக்காது சற்று நேரம் உள்ளே வைத்திருந்து, மெல்லிய அசௌகரியத்தோடு கூடிய சில நிமிடங்களை வேண்டுமென்றே நீட்டினர். அவ்வாறு நீட்டப்பெற்றவரே அந்த அநுபவத்தைக் குறைந்த துன்பமாக நினைவிற்கொண்டனர். அதிகம் நொந்தவன் குறைவாக நொந்ததாகச் சொல்கின்றான். வைத்தியன் எவனுக்குத் தொண்டு செய்தல் வேண்டும், நொந்தவனுக்கா, நினைப்பவனுக்கா?

சைவ சித்தாந்தம் இவ்விடத்திலே நமக்குக் கைகொடுக்கின்றது. பதின்மூன்றாம் நூற்றாண்டிலே மெய்கண்டார் அருளிய சிவஞானபோதத்தின் மூன்றாஞ் சூத்திரம், உறக்கத்திலே மூச்சு இயங்கிக்கொண்டிருந்தும் நுகர்ச்சியும் செயலும் இல்லாமையால், மூச்சே ஆன்மா எனல் பொருந்தாது என நிறுவுகின்றது. நான்காஞ் சூத்திரம், மனம் முதலிய அந்தக்கரணங்களுள் ஒன்றும் ஆன்மா அன்று என்றும், அமைச்சரோடு கூடிய அரசன்போல ஆன்மா அவற்றோடு கூடி நின்றே விழிப்பு, உறக்கம் முதலிய ஐந்து அவத்தைகளை அடைகின்றது என்றும் கூறுகின்றது. இதனைக்கொண்டு நோக்கின், மயக்கம் என ஒரே பெயரால் நாம் வழங்குவது இரு வேறு நிலைகள் என்பது புலனாகும். கரணங்கள் முற்றும் ஓய்ந்த ஆழ்ந்த உறக்கத்திலே நுகர்ச்சி இல்லை, ஆகவே நோவும் இல்லை. முனகியும் பேசியும் கிடந்து பின்னர் மறந்த நிலையிலோ நோவு நுகரப்பட்டது. ஓலையை எழுதாது விட்டவன் அமைச்சன், அடிபட்டவன் அரசன். முற்பிறவிகளிலே நுகர்ந்த இன்ப துன்பங்களுள் ஒன்றையேனும் நாம் நினைவிற் கொண்டிலேம். எனினும் அவை நுகரப்படவேயில்லை என்று சித்தாந்தி ஒருபோதும் சொல்லான். நினைவில்லாமை, நடந்ததை நடவாததாக்கும் ஆற்றல் உடையதன்று.

ஆயின், விழித்திருந்து நோவதே சிறப்பு என்று துணிந்துவிடலாமா? கூடாது. திருநாவுக்கரசரைச் சூலைநோய் பற்றிய வரலாற்றைச் சேக்கிழார் பெரியபுராணத்திலே விரித்துரைக்கின்றார். குடலை முறுக்கும் அந்நோயைத் தாங்கமாட்டாது, தமக்கையார் திலகவதியாரை நாடித் திருவதிகைக்கு வந்த அப்பெருமான், தமக்கையார் அளித்த திருநீற்றை அணிந்து, இறைவன் திருமுன் நின்று, அந்த நோவை நீக்கியருளும்படியே வேண்டினார். வலியைப் புண்ணியமென்று அவர் போற்றவில்லை. திருமுன் நின்றபோது வலியால் தம் அறிவை இழக்கவுமில்லை. விழிப்பு காக்கத்தக்கது, வலி நீக்கத்தக்கது என்னும் இரண்டையும் ஒருங்கே கொண்டது அவர் நின்ற நிலை.

இவ்விரண்டையும் ஒருங்கே காக்கும் வழி மருத்துவத்தில் உண்டா என்று தேடினால், விடை பெரிதும் நீரிலே இருக்கின்றது. குடலின் உட்சுவரிலுள்ள சிறு வளர்ச்சியை வெட்டியெடுத்தாலும் நோவதில்லை. குடல் இழுபட்டு விரியும்போதே நோகின்றது. குழாய் செல்ல வழி திறப்பதற்காகக் காற்றை ஊதும் பழைய முறையிலே, காற்று குடலை நீட்டி வளைவுகளை இறுக்குகின்றது. பரிசோதனை முடிந்த பின்னும் வயிறு ஊதி வருத்துகின்றது. காற்றுக்குப் பதிலாகக் காபனீரொட்சைட்டைச் செலுத்தினால், அது இரத்தத்திற் கலந்து மூச்சு வழியே விரைவில் வெளியேறுவதால் பின்னோவு குறைகின்றது. இளஞ்சூட்டு நீரைச் செலுத்திச் செல்லும் முறையிலோ, இடப்பக்கமாகப் படுத்திருப்பவரின் நெளிகுடல் நீரின் பாரத்தால் தாழ்ந்து நேராகி, குழாய்க்கு இசைந்து கொடுக்கின்றது. கலிபோர்னியாவிலே படைவீரர்க்கான வைத்தியசாலையிற் பணியாற்றிய பீலிக்ஸ் லியூங் இதனை மேலும் செம்மைப்படுத்தி, உட்செல்லும்போதே கலங்கிய நீரை உறிஞ்சி, தெளிந்த நீரை விட்டு, காற்றை அறவே நீக்கும் நீர்மாற்று முறையைப் பரப்பினார். பல ஆய்வுகளை ஒருங்குவைத்து ஒப்பிட்டபோது மிகக் குறைந்த நோவு தந்தது இம்முறையே. சுவர் கழுவப்பெறுவதால் சிறு வளர்ச்சிகளும் கூடுதலாகக் கண்ணிற் படுகின்றன. இதற்கு வைத்தியர் கொடுக்கும் விலை சில நிமிடங்கள் கூடுதலான பொறுமை. நம் திருகோணமலை உட்துறைமுகத்திலே பெருங்கப்பலைச் செலுத்தும் மாலுமி, நீரின் போக்கையறிந்து மெல்லச் செல்வதுபோல, இங்கும் விசையைக் காட்டிலும் இசைவே தேர்ச்சியாகின்றது.

நிலாவெளியிலிருந்தோ மூதூரிலிருந்தோ தனியே பஸ் ஏறி வரும் ஒருவரை எண்ணிப் பார்ப்போம். மயக்க ஊசி போட்டுக்கொண்டால் அவரை வீட்டுக்கு அழைத்துச் செல்ல ஒருவர் வேண்டும், அன்றைய வேலையும் போய்விடும். விழித்திருந்தாலோ, திரையிலே தம் உடலின் உட்புறத்தைத் தாமே கண்டு, ‘பொறுங்கள்’ என்று சொல்லும் உரிமையோடு கிடந்து, தாமாக நடந்து வீடு திரும்பலாம். அச்சம் மிகுந்தவர்க்கும், முன்னர் மிக நொந்தவர்க்கும் மயக்கம் வேண்டியதே. அவர் உறக்கத்தைக் கேட்பதிலே இழிவு சிறிதுமில்லை. எதைத் தெரிவு செய்தாலும், நோவு மறந்துபோகும் என்னும் துணிவினாலே வைத்தியர் கை விரைதல் ஆகாது. ‘பொறுங்கள்’ என்று சொல்ல இயலாதவராய் ஒருவர் கிடக்கும்போது, அந்தச் சொல்லைக் கேட்டவர்போலவே கையைச் சற்று நிறுத்துபவரே, கரணங்களுக்கு அப்பால் ஓர் ஆன்மா உண்டென்பதை உண்மையாக நம்புகின்றவர்.