எளிமையும் உண்மையும்

இளஞ்சிறாருக்கும் வாசிப்பில் இடர்ப்படும் மாணவருக்கும் அறிவு நூல்கள் எழுதுங்கால், எளிமையின் பொருட்டு உண்மையைக் குறைத்தல் தகுமா? இது கல்விமுறை பற்றிய வினா மாத்திரமன்று. அறம் பற்றிய வினாவுமாகும்.

நமது நாட்டில் 1945 இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. 1980 முதல் பாடநூல்களும் இலவசமாக வழங்கப்படுகின்றன. எனினும், கையிற் கிடைத்த நூலை வாசித்து விளங்கிக்கொள்ள இயலாத பிள்ளைகள் நமது வகுப்புகளில் இன்றும் இருக்கின்றனர். பதின்மூன்று வயது மாணவன் எழுத்துக்கூட்டி வாசிப்பதனால், அவனது சிந்தனையும் ஐந்து வயதினது என்று கொள்ளலாகாது. வயலுக்கு நீர் கட்டவும், வலையின் கிழிசலைப் பொத்தவும், கடைக் கணக்குப் பார்க்கவும் அறிந்தவன் அவன். அவனிடம் பாலர் வகுப்புப் படநூலை நீட்டுதல் உதவியாகாது, அவமதிப்பேயாகும். அவனுக்கு வேண்டியது அவன் வயதுக்கேற்ற பொருளும் அவனால் வாசிக்கக்கூடிய வசனமும் ஆகும்.

எளிமையாக்குவோர் பலர் வசனத்தைச் சுருக்குவதற்குப் பதிலாக உண்மையைச் சுருக்கிவிடுகின்றனர். ‘தாவரங்கள் இரவில் மாத்திரம் சுவாசிக்கின்றன’ என்பது எளிய வசனம், ஆயின் பிழையானது. ‘தாவரங்கள் இரவும் பகலும் சுவாசிக்கின்றன. ஒளி உள்ளபோது உணவும் ஆக்குகின்றன’ என்பதும் எளியதே, இது சரியானது. இரண்டாவதை எழுதுவதற்கு எழுதுவோன் விடயத்தை நன்கு அறிந்திருத்தல் வேண்டும். அவ்வுழைப்பைத் தவிர்ப்பவரே பிழைக்கு எளிமையெனப் பெயரிடுகின்றனர்.

சொல்லாது விடுவதும் பொய்யாகலாம். தேயிலை பற்றிச் சிறுவருக்கு எழுதுபவர், 1867 இல் லூல்கந்துரவில் அதனைப் பயிரிட்ட ஜேம்ஸ் டெயிலரைக் குறிப்பிடுவார். தென்னிந்தியாவிலிருந்து வந்து, காடு வெட்டியும் கொழுந்து கொய்தும் அத்தொழிலை நிலைநிறுத்திய தொழிலாளரைக் குறிப்பிடாது விட்டால், அந்நூலை வாசிக்கும் தோட்டப் பிள்ளை எதனைக் கற்றுக்கொள்ளும்? தன் பாட்டனும் பாட்டியும் வரலாற்றுக்கு வேண்டாதவர் என்பதையே கற்றுக்கொள்ளும்.

எளிய நூல் தாழ்ந்த நூல் என்போருக்கு மைக்கல் பரடேயின் வாழ்க்கை தக்க விடையாகும். கொல்லர் ஒருவரின் மகனான அவர் பள்ளியிற் கற்றது சொற்பமே. இலண்டனில் புத்தகம் கட்டும் தொழில் பழகியபோது, ஜேன் மார்செற் என்னும் பெண்மணி 1806 இல் வெளியிட்ட இரசாயன நூலொன்றை வாசித்தார். ஓர் ஆசிரியையும் இரு சிறுமியரும் உரையாடுவதாக அமைந்தது அந்நூல். அது கூறியவற்றைப் பரடே சிறு பரிசோதனைகளால் தாமே சோதித்தார், அவை மெய்யாயின. அதனாலேயே அந்நூலில் தமக்கு நம்பிக்கை பிறந்ததெனப் பிற்காலத்திற் குறிப்பிட்டார். உலகறிந்த விஞ்ஞானியான பின்னர், அவரே இளைஞருக்கு மெழுகுவர்த்தியொன்றை முன்வைத்து இரசாயனம் விளக்கினார். அவ்விரிவுரைகள் 1861 இல் நூலாக வெளிவந்தன. தாம் பெற்றதை அவர் அடுத்த தலைமுறைக்குத் திருப்பியளித்தார் எனலாம்.

அந்நூல் பிழை கூறியிருப்பின், சோதித்துப் பார்த்த அவ்வேழை இளைஞன் நூல்களையே நம்பாது விட்டிருக்கக்கூடும். வசதியுள்ள வீட்டுப் பிள்ளை ஒரு நூலின் பிழையை வேறொரு நூலால் திருத்திக்கொள்ளும். ஒரே நூலை வருந்தி வாசித்து முடிக்கும் பிள்ளைக்கு அவ்வாய்ப்பு இல்லை. ஆகவே அப்பிள்ளைக்கான நூலிலேதான் உண்மை பற்றிய கவனம் மிகுதியாக இருத்தல் வேண்டும்.

இத்தகைய நூல்களை ஆக்கும் பணி ஆசிரியராகிய நம்மையும் சார்ந்தது. பிள்ளை எந்தச் சொல்லில் தடுக்கி நிற்கிறது என்பதை நாள்தோறும் கேட்பவர் நாமே. நாம் எழுதுவோம், எழுதியதை முதலில் அப்பிள்ளையிடமே வாசிக்கக் கொடுப்போம்.